முதலில் கயிறு, பிறகு மெஷின்

தளி சாலையிலும் கெலமங்கலம், பாகலூர் பக்கமும் மாடு வைத்துப் பால் ஊற்றும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கச்சிகளே,

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பணம் போட்டு, தாளை வாரிக் கட்டுப் போடும் பழைய பேலர் மெஷின் ஒன்றை வாங்கப்போகிறீர்கள் என்று பால் ஊற்றும் இடத்தில் பேச்சு அடிபடுகிறது. ஒரு தரப்பு மாலூர் பக்கம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறதாம். இன்னொரு தரப்பு தஞ்சாவூரிலிருந்து இறக்கலாம் என்கிறதாம். இதைக் கேட்ட அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. என் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பேலர் துருப்பிடித்து நிற்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் நானும் உங்களைப் போலவே கிளம்பிப் போய் வாங்கி வந்த பழைய மெஷின் அது.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக இருந்தவன் நான். பேரிங் சத்தத்தை வைத்தே நோய் சொல்வான் என்று பேர் வாங்கியவன். ஆகவே மெஷினில் என்னை யாரும் ஏமாற்றவில்லை. ரோலர், செயின், கியர் பாக்ஸ் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. நான் கோட்டைவிட்டது, கட்டை எதனால் சுற்றுவது என்ற இடத்தில். அது வலை சுற்றும் மெஷின். கயிறு சுற்றும் ஏற்பாடே அதில் கிடையாது. ‘வலைதான் நவீனம், ரெண்டு சுற்றுச் சுற்றி உடனே வெளியே தள்ளிவிடும்’ என்றார் விற்றவர். அவர் சொன்னதில் பொய் இல்லை. மீதியைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லவந்தது, முதலில் கட்டு எங்கே கிடக்கும், யார் அதை அவிழ்ப்பார்கள், எதனால் கட்டுவது என்பதை முடிவு செய்யுங்கள் என்பதுதான். அதற்கேற்ற மெஷினைத் தேடிப் போங்கள். எல்லோரும் தலைகீழாகத்தான் செய்கிறோம். மெஷின் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, அது எதைக் கட்டுமோ அதற்கு நம் மாட்டைப் பழக்குகிறோம்.

நம் ஊருக்குப் பேலர் எதற்கு என்று பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கையால் ராகி அறுத்த காலத்தில் தாள் தானாகவே கட்டாக வந்தது. அரிவாளால் அறுத்து, கட்டி, போர் போட்டு, அப்புறம் தார்ச்சாலையில் பரப்பி லாரி ஏறவிட்டு அடித்தோம். (போலீஸ் திட்டும், நாமும் கேட்டுக்கொள்வோம், அடுத்த வருஷமும் பரப்புவோம்.) இன்று அறுக்க ஆள் கிடைப்பதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் காலை ஷிப்டுக்கு கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள். அறுவடை மெஷின் வந்து ஒரு மணி நேரத்தில் தானியத்தை எடுத்துக்கொண்டு, தாளைக் காடு முழுக்கச் சிதறவிட்டுப் போய்விடுகிறது. அதைக் கையால் வாரிக் கட்டினால் கூலி தாளின் விலையைத் தாண்டும். வாராவிட்டால் பனியில் கறுத்துப் போகும். தமிழ்நாட்டில் ராகி அதிகம் விளையும் மாவட்டம் நம் கிருஷ்ணகிரி. அப்படியிருந்தும் கோடையில் காவேரிப்பட்டணம் பக்கத்து நெல் வைக்கோலுக்கும் டெல்டாவிலிருந்து வரும் லாரிக்கும் காத்து நிற்கிறோம். 2017 வறட்சியில் அரசு உலர்தீவனக் கிடங்கு திறந்து கிலோ 2 ரூபாய்க்குக் கொடுத்தபோது வரிசையில் நின்றது நினைவிருக்கும். இத்தனைக்கும் நெல் வைக்கோலைவிட ராகித்தாளில் மாட்டுக்குச் சத்து அதிகம். அதைக் காட்டில் விட்டுவிட்டு இதை விலைக்கு வாங்குகிறோம்.

ஆக, பேலர் வேண்டும். எந்த அளவில் என்பதில் எனக்குக் குழப்பமில்லை: சின்ன உருளைக் கட்டு. பஞ்சாபில் ஓடுகிற சதுரக் கட்டு மெஷின்கள் பழையதாக மலிவாகக் கிடைக்கும். அந்த ஆசை வேண்டாம். அதில் பிளஞ்சர் அடித்து அடித்து அழுத்தும், ஊசி கயிற்றைக் கொண்டுவரும், முடிச்சுப் போடும் கருவி முடிச்சுப் போடும். அந்த முடிச்சுக் கருவி ஒரு மயிரிழை தேய்ந்தாலும் கட்டு அவிழ்ந்து விழும். அதைச் சரிசெய்யத் தெரிந்த கை நம் பக்கத்தில் அபூர்வம். உருளைக் கட்டு மெஷினில் முடிச்சே கிடையாது. கயிறு சுற்றிச் சுற்றிப் போய்க் கத்தியில் அறுபடும். தாளின் உராய்விலேயே பிடித்துக்கொள்ளும். 35 குதிரைத்திறன் டிராக்டர் போதும். வரப்பு ஓரத்தில் திரும்பும்.

இந்தச் சின்ன உருளைக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து விவசாயி உம்மோ லூபன் என்பவர் 1910இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமையை வாங்கிக்கொண்ட அல்லிஸ் சால்மர்ஸ் கம்பெனி 1947இல் ரோட்டோ பேலர் என்ற பெயரில் சந்தைக்கு விட்டது. ஆள் தூக்கக்கூடிய கட்டுகளைத்தான் அது போட்டது. பிறகு 1970களில் வெர்மீர் கம்பெனி ஒரு ஆள் உயரக் கட்டைக் கொண்டுவந்ததும், அந்த நாட்டுக்காரர்கள் சின்னதை மறந்துவிட்டார்கள். அதே அளவு, ஜப்பானின் நெல் வயல்கள் வழியாக நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சின்ன நிலத்துக்குச் சின்னக் கட்டு. ஓர் அம்மா தனியாக உருட்டிக்கொண்டு போகிற அளவு.

இனி கயிறு. மூன்று வழி இருக்கிறது: சணல், பிளாஸ்டிக் கயிறு, வலை. பச்சைத் தீவனத்துக்கு மட்டும் நாலாவதாகப் பிளாஸ்டிக் தாள்.

சணலுக்கு எதிராகச் சொல்வதெல்லாம் உண்மை. எலி கடிக்கும், கரையான் ஏறும், மழையில் கிடந்தால் மக்கி, தூக்கும்போது கட்டு கையோடு பிரிந்துவரும். கட்டுக்குப் பதினைந்து இருபது சுற்று வரும்வரை டிராக்டர் நிற்க வேண்டும். இத்தனை குறை இருந்தும் நான் சணல் பக்கம்தான். காரணம், விடியற்காலை நாலரை மணி. அந்த நேரத்தில் நம் வீடுகளில் யார் கட்டை அவிழ்க்கிறார்கள்? பனி கொட்டுகிறது, கரண்ட் இல்லை, ஒரு கையில் செல்போன் டார்ச், மறுகையில் அரிவாள், பால் வண்டி வர இன்னும் முக்கால் மணி. அந்த அவசரத்தில் கயிற்றில் ஒரு முழம் தாளோடு போகத்தான் செய்யும். சணல் போனால் வயிற்றில் செரித்துவிடும். பிளாஸ்டிக் கயிறும் வலையும் செரிக்காது. முதல் இரைப்பையிலேயே தங்கி, ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகிவிடும்.

என் கதையின் மீதி இதுதான். வலை தாளை நன்றாக மூடும், கட்டும் உருக்குலையாது, வேலையும் வேகம். எல்லாம் சரி. மார்கழிப் பனியில் ஈரமான தாள் வலையின் கண்ணுக்குள் புகுந்து ஒட்டிக்கொள்கிறது. உரித்தால் துண்டு துண்டாக வருகிறது. என் வீட்டில் எண்பது வயது அம்மாதான் மாட்டுக்குப் போடுவார். இரண்டாவது வருஷம், பதினைந்து லிட்டர் கறந்த கலப்பினப் பசு தீனி எடுப்பதை நிறுத்தியது. அசை போடவில்லை, இடது விலா புடைத்து நின்றது. டாக்டர் வந்து வயிற்றைத் திறந்து, பச்சை நிறத்தில் ஒரு தலையணை அளவுக்கு வலையை வெளியே எடுத்தார். பசு பிழைக்கவில்லை. அம்மா அதற்கப்புறம் கொட்டகைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ‘என் கையால போட்டேனே’ என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

வலையை விற்றவர் மேலோ மெஷின் மேலோ குற்றம் இல்லை. பெரிய பண்ணையில் வெளிச்சத்தில் நின்று, வலையை முழுசாக உரித்து, எண்ணி ஓரமாக வைத்துவிட்டுத் தீவனம் போடுகிற ஆள் இருந்தால் வலை நல்லதுதான். நம் வீட்டில் அந்த ஆள் இல்லை.

இரும்புக் கம்பியால் கட்டலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தீவனத்தோடு போகிற கம்பித் துண்டும் ஆணியும் இரண்டாம் இரைப்பையில் தங்கும். அதற்கும் இதயத்துக்கும் இடையே உதரவிதானம்தான். குத்திக்கொண்டு போனால் மருந்து இல்லை. இன்னொரு பழக்கமும் நம் ஊருக்கே உரியது. சிப்காட் தொழிற்பேட்டை ஸ்கிராப் கடையில் பேக்கிங் பட்டியும் பொதி சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் சுருளும் எடைக்குக் கிடைக்கின்றன என்று அதைக் கொண்டுவந்து தீவனத்தைச் சுற்றுவது. பட்டி மாட்டின் வாயைக் கிழிக்கும். அந்தச் சுருள் குடோனுக்குள் இருப்பதற்காகச் செய்தது. வெயிலில் சில வாரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்து தீவனத்தோடு கலந்துவிடும்.

நான் தென்னை நார்க் கயிறும் போட்டுப் பார்த்தேன், ஒரு நண்பரின் கயிறு மெஷினில். உள்ளூர்ச் சரக்கு, மாடு தின்றாலும் கெடுதல் குறைவு என்று கணக்குப் போட்டேன். ஒரு இடத்தில் தடிப்பு, ஒரு இடத்தில் மெலிவு. கயிறு போகும் குழாயில் சிக்கி, கத்தியில் அறுபடாமல், கடைசியில் நண்பர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. சணல் உருண்டை வாங்கும்போதும் இதைப் பாருங்கள். இரண்டு கையில் நீட்டி இழுத்துத் தடிப்பு ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவுச் சணல் நடுக்காட்டில் அறுந்து பழிவாங்கும்.

சணல் என்று முடிவானால், கட்டு நனையாமல் இருக்க இடம் வேண்டும். அந்தக் கணக்கையும் மெஷினுக்குப் போகும் முன்பே போட்டுவிடுங்கள். ஒரு மாட்டுக்கு நாளுக்கு 5 கிலோ காய்ந்த தாள் என்று வையுங்கள். இரண்டு மாட்டுக்கு வருஷத்துக்கு 3650 கிலோ. கட்டு 18 கிலோ என்றால் சுமார் 200 கட்டு. இரண்டு அடி குறுக்களவும் மூன்று அடி நீளமும் உள்ள 200 கட்டை அடுக்க 16 அடிக்கு 16 அடி கொட்டகையில் ஒன்பது, பத்து அடி உயரம் போகும். அவ்வளவு இடம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? இல்லாதவர் முதலில் நாலு ஷீட் வாங்கட்டும், பேலர் பங்கு அப்புறம். தரையில் நேராக அடுக்க வேண்டாம். கிரானைட் பட்டறைகளில் ஓரக்கல் கழிவாகக் கிடக்கிறது; அதைப் பரப்பி மேலே மரப் பலகைத் தட்டுப் போட்டால் காற்றும் போகும், கரையானும் தெரியும். கம்பெனி மரத்தட்டு வாங்கினால் ஆணியை ஒன்று விடாமல் பிடுங்குங்கள். ரசாயன வாடை அடிப்பதைத் தொடாதீர்கள்.

ஈரம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் பக்கத்துச் சங்கடம் வேறு. ஜவளகிரிக் காடு வழியாகப் பன்னேருகட்டா யானைகள் இறங்கும் மாதமும் ராகி முற்றும் மாதமும் ஒன்று. தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் யானைக்குப் பயந்து நாலு நாள் முன்னதாகவே அறுத்துவிடுகிறார்கள். தாள் அரைப் பச்சை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற பகுதி நம்முடையது. பத்து மணி வரைக்கும் பனி. மெஷின் வாடகைக்கு வந்து நிற்கிறதே என்று எட்டு மணிக்கே ஓட்டினால், கட்டுக்குள் ஈரத்தைப் பூட்டி வைக்கிறீர்கள். ஈரம் 18 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உள்ளே பூஞ்சை வேலையைத் தொடங்கும், சூடு ஏறும். ஒரு பிடித் தாளை முறுக்குங்கள்; படக்கென்று ஒடிய வேண்டும். நகத்தால் கணுவைக் கீறுங்கள், பசை தெரியக்கூடாது. அடுக்கிய பிறகும் முதல் மூன்று வாரம் ஒரு இரும்புக் கம்பியைப் போருக்குள் செருகி, கால் மணி கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியாத சூடு என்றால் அன்றே போரைப் பிரியுங்கள். வைக்கோல் தானாகத் தீப்பிடிக்கும் என்பதைப் பார்க்காதவர் நம்பமாட்டார்.

சரி, இப்போது மெஷினுக்குப் போகலாம். கூடவே ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பழைய துணி, இரண்டு உருண்டை சணல் எடுத்துக்கொள்ளுங்கள். புது பெயின்ட் அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். பெயின்டுக்கு அடியில்தான் வெல்டிங் இருக்கும். டோ பார் பொருந்தும் இடம், பின்கதவுக் கீல், கதவுக் கொக்கி ஆகிய மூன்றிலும் சுரண்டிப் பாருங்கள். செயின் பல் சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். பல் நேராக நிற்காமல் ஒரு பக்கம் கொக்கி போல வளைந்திருந்தால் சக்கரமும் செயினும் சேர்த்தே மாற்ற வேண்டும். ரோலர் ஒவ்வொன்றையும் இரண்டு கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது, அதைவிட மோசமாக ஷாஃப்ட் தேய்ந்திருக்கலாம். தாளை வாரும் முள் எத்தனை உடைந்திருக்கிறது என்று எண்ணுங்கள். கட்டு எண்ணும் கவுன்டரை நம்பவே நம்பாதீர்கள், அதைக் கழற்றி மாட்ட இரண்டு நிமிஷம்.

டெல்டா மெஷின் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சேற்று வயலில் நெல் வைக்கோல் வாரிய மெஷின் அது. வைக்கோலில் இருக்கும் மணலும் சிலிக்காவும் உரசி ரோலரும் அடித்தகடும் காகிதம் போல மெலிந்திருக்கும். விரல் கணுவால் தட்டிப் பார்த்தால் சத்தமே சொல்லும்.

நிறுத்தி வைத்த மெஷினை வாங்காதீர்கள். காட்டுக்குக் கொண்டுபோய் நிமிஷத்துக்கு 540 சுற்றில் ஓட்டச் சொல்லி, குறைந்தது முப்பது கட்டு போடச் சொல்லுங்கள். முதல் ஐந்து கட்டு எல்லா மெஷினும் அழகாகப் போடும். இருபதுக்கு மேல்தான் சூடு ஏறும், கயிறு தவறும், பாரம் கூடினால் தானே அறுபடுகிற ஷியர் போல்ட் வெட்டும். அப்போது டிராக்டரை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பேரிங் மூடி ஒவ்வொன்றிலும் புறங்கையை வையுங்கள். பக்கத்துப் பேரிங்கைவிட ஒன்று மட்டும் சுடுகிறதா? அதன் விலையைக் கழித்துப் பேசுங்கள். ஷியர் போல்ட் இருக்கும் இடத்தில் கெட்டியான சாதா போல்ட் முறுக்கியிருந்தால் பேரமே வேண்டாம், திரும்பி வாருங்கள். அந்த மெஷினின் கியர் பாக்ஸ் எத்தனை அடி வாங்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

டிராக்டரிலிருந்து மெஷினைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. ஷாஃப்டுக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மெஷினில் பெரும்பாலும் இருக்காது. புதுசு வாங்கி மாட்டிய பிறகுதான் காட்டில் இறக்க வேண்டும். லுங்கியும் புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் கட்டுகிற ஊர் நம்முடையது. ஓடும் மெஷினில் அடைப்பு எடுக்கக் கையை விட்டவர் யாரும் முழுக் கையோடு எடுத்ததில்லை.

காகிதம்: பேலருக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. முதல் பில், தகட்டில் இருக்கும் வரிசை எண், இரண்டும் பொருந்த வேண்டும். வங்கிக் கடன் பாக்கியா, மானியத்தில் எடுத்து இன்னும் விற்கக்கூடாத காலமா என்று எழுதி வாங்குங்கள். வேளாண் பொறியியல் துறையில் கேட்டால் மானியம் புது மெஷினுக்குத்தான் தருவார்கள். சிறு குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. பால் ஊற்றும் அக்கா ஒருவர் பேரில் புதுசு எடுத்தால் என்ன விலை, பழையதற்குப் பழுதுச் செலவும் சேர்த்தால் என்ன விலை, இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தீர்களா? எனக்கு வந்த செய்தியில் இந்தக் கணக்கு இல்லை.

பழையதுதான் என்றால் நமக்கு ஒரு பலம் இருக்கிறது. பேரிங்கும் செயினும் இங்கே கடை கடையாகக் கிடைக்கும். தேய்ந்த ஷாஃப்டை லேத்தில் போட்டுச் சரிசெய்யும் பட்டறை ஒவ்வொரு சந்திலும் உண்டு. கார் கம்பெனிக்கு மைக்ரான் கணக்கில் வேலை செய்கிற பையன்கள் ஞாயிற்றுக்கிழமை நம் ரோலரைத் திருத்தித் தருவார்கள். தஞ்சாவூர்க்காரருக்கு இந்த வசதி இல்லை. ஆனால் எந்தப் பட்டறையும் வலைச் சுருள் செய்து தராது. நான் ஒரு மார்கழியில் மூன்று வாரம் அதற்குக் காத்திருந்தேன். தாள் காட்டிலேயே கறுத்தது.

மக்காச்சோளப் பச்சைத் தீவனத்தைச் சைலேஜாகக் கட்டிப் பிளாஸ்டிக் தாள் சுற்றலாம் என்று இளவட்டங்கள் சொல்கிறார்களாம். நல்ல யோசனை, ஆனால் அது வேறு மெஷின், வேறு தொழில். 25 மைக்ரான் தாள், வெயிலைத் தாங்கும் மருந்து சேர்த்தது, குறைந்தது நாலு அடுக்கு, நம் வெயிலுக்கு ஆறு. கட்டிய அன்றே சுற்ற வேண்டும். காக்கை கொத்திய ஓர் ஓட்டையை ஒட்டாமல் விட்டால் உள்ளே பூஞ்சை. உரித்த பிளாஸ்டிக் தாளைத் திருப்பி எடுப்பவர் யார் என்று முடிவு செய்த பிறகு அதைப் பேசலாம். கொஞ்சம் பொறுங்கள் தம்பிகளா.

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் என் கொட்டகைக்கு வாருங்கள். மாட்டுக்குத் தீனி போடுகிற அக்காமார்களையும் கட்டாயம் அழைத்து வாருங்கள், அவிழ்க்கப்போகிறவர்கள் அவர்கள்தான். பழைய பேலர் அங்கேதான் நிற்கிறது. பேரிங் இன்னும் நன்றாகச் சுற்றுகிறது. பக்கத்தில் பாதி தீர்ந்த வலைச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு முழம் அறுத்து, ஈரத் தாளில் சுற்றி, டார்ச் வெளிச்சத்தில் நீங்களே உரித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு பால் ஊற்றும் ஒரு பழைய ஃபிட்டர்